அன்னப்பூரணியின் வைவாவுக்கு வந்த கல்யாணக் கூட்டம்

பல்கலைக்கழகத்தின் ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு நினைவு எழுதித் தரவேண்டுமாம். கேட்டு வந்த பிள்ளைகளிடம், மற்றவர்கள் என்ன எழுதித் தந்திருக்கிறார்கள் என்று விசாரித்தேன். ஒருவர் கன்டீன் ரொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்னொருவர் வாகை மரத்தடியைப் பற்றி. மூன்றாமவர் தன்னைப் பற்றியே பக்கம் பக்கமாக. வாசிக்கிறவன், போர்க்காலம் முழுக்க நாங்கள் மரத்தடியிலிருந்து ரொட்டி தின்றோம் என்றுதான் நினைப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அன்னப்பூரணியின் வைவாவை எழுதுகிறேன் என்றேன். "அது யாரு மிஸ்?" என்றார்கள். எழுதிய பிறகு வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் விவசாய பீடத்தில் புதிய விரிவுரையாளர். ஏறாவூர்க்காரி. சித்தி நபீஸா என்ற பெயரை மாணவர்கள் எனக்குப் பின்னால் 'சீறி நபீஸா' என்று மாற்றி வைத்திருந்தார்கள். தெரியாதது போல இருந்தேன். உண்மையில் அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அன்னப்பூரணி எனது முதல் ஆய்வு மாணவி. வெல்லாவெளிக்கு உள்ளே ஒரு கிராமம். விடுதியில் அவள் சிரித்தால் அடுத்த கட்டடத்தில் படிக்கிறவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பேராசிரியர்கள் முன்னால் நின்றால் மட்டும் வாயே திறக்காது. அவளுடைய ஆய்வு, ஒரு ஏக்கருக்கு எவ்வளவு விதைநெல் போதும் என்பது. அவளுடைய பக்கத்தில் நெருக்கி விதைப்பார்கள். விதையை எவ்வளவு வாரி வீசுகிறோமோ அவ்வளவு அள்ளி அறுக்கலாம் என்று நம்பிக்கை. அது சரியா என்று பார்க்க, அவள் தன் தாய்மாமன் கதிர்காமத்தம்பியின் வயலில் பாத்தி பிரித்து, ஐதாகவும் நடுத்தரமாகவும் விதைத்தாள். ஒரு பகுதியை அம்மான் எப்படி விதைப்பாரோ அப்படியே அவர் கையாலேயே விதைக்க வைத்தாள்.

கதிர்காமத்தம்பி சாதாரண ஆளில்லை. அந்த வயல்வட்டை முழுவதற்கும் தண்ணீர் பிரிப்பது, விதைப்புக்கு நாள் குறிப்பது எல்லாம் அவர்தான். வட்டைவிதானை. மருமகள் கேட்டதும் வாய்க்காலடியில் நல்ல காணியாகப் பார்த்துக் கொடுத்தார். பிறகு தேத்தண்ணிக் கடையில் போய், என்ட கை விதைப்பைப் பற்றிக் கம்பஸில் புத்தகம் எழுதுறாங்க என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். அறுத்து நிறுத்து அவள் கணக்குப் பார்த்ததில் அவருடைய பாத்திகள்தான் கடைசியாக வந்தன. அவருக்கு அது தெரியாது.

"எப்பிடி மிஸ் இத அம்மானுக்குச் சொல்லுற?" என்று என் அறையில் வந்து அழுதாள். "ஏ.எல். சோதனைக்கு என்னச் சைக்கிள் பாரில வச்சி, செல் விழுற றோட்டால மிதிச்சிக் கொண்டு விட்ட மனிசன்."

"உன்ட அம்மானுக்கு இங்கிலீஸ் தெரியுமா?"

"இல்ல மிஸ்."

"ஆய்வு இங்கிலீஸில. வைவா இங்கிலீஸில. அவர் எங்க வாசிக்கப் போறார்? போய்ப் படி."

பெரிய புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வைவா என்றால் வாய்மொழிப் பரீட்சை. ஆய்வை எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். மூவரில் ஒருவர் நான். மற்றவர் துறைத் தலைவர் அழகரத்தினம். சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர். மூன்றாமவர்தான் கண்டம். பேராதனையிலிருந்து வரும் வெளிப் பரிசோதகர், பேராசிரியர் வினாயகமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர். பிழையான முடிவைக்கூட அவர் மன்னிப்பார். தன் முடிவைச் சொல்லத் தயங்கி முழுசுகிறவர்களை மட்டும் மன்னிக்க மாட்டார். 'உமக்கே நம்பிக்கையில்லை, எனக்கு ஏன்?' என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடுவார். அவ்வளவுதான், ஆள் பெயில்.

அந்த முறை அவர் வந்ததே பெரிய விசயம். பாதை அடைப்பு, குண்டுவெடிப்பு, பகிஷ்கரிப்பு என்று அன்னப்பூரணியின் அணி ஏற்கெனவே வருடக்கணக்கில் பிந்தியிருந்தது. அவர் மதியச் சாப்பாட்டோடு புறப்பட்டால்தான் ஆமி றோட்டைப் பூட்ட முதல் மலையேறலாம். அன்றைக்குத் தப்பினால் அடுத்த வைவா எப்போது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அன்னப்பூரணியின் தாய், இந்த முறையோடு முடிந்தால் முடிந்தது, முடியாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று சொல்லியிருந்தார்.

அன்று காலை நான் வராந்தாவில் நின்று, யா அல்லாஹ் இந்தப் பிள்ளையின் வாயைத் திறந்து வை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வாசல் பக்கமாகக் குரவைச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு பேரில்லை, ஒரு பஸ் நிறையப் பெண்கள் நல்ல காரியத்துக்கு நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவை. எட்டிப் பார்த்தால், மெய்யாகவே ஒரு பஸ். அதிலிருந்து தாம்பாளத் தட்டுகளோடு பெண்கள் இறங்கினார்கள். வெற்றிலைத் தட்டு, வாழைப்பழத் தட்டு, பலகாரத் தட்டு. நிறைகுடம்கூட வந்தது. பின்னால் பொல்லூன்றிக் கிழவர்கள். நடுவில், பட்டுவேட்டி, தலைப்பா, கழுத்தில் மாலையோடு ஒரு மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு வயது அறுபதுக்குக் குறையாது.

"அம்மான்!" என்று என் பின்னால் நின்ற அன்னப்பூரணி அலறினாள்.

அழகரத்தினம் ஓடிவந்தார். "மிஸ் நபீஸா, கம்பஸுக்குள்ள கலியாணம் வைக்கிறதெண்டால் பதிவாளர்ட அனுமதி எடுக்கோணும்."

"எனக்கே இப்பதான் தெரியும் சேர்," என்றேன்.

கூட்டத்தின் முன்னால் வந்த மெலிந்த பெண், அன்னப்பூரணியின் தாய் சீதேவிப்பிள்ளை. அவர் மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், புள்ளய இன்னும் உள்ள கூப்பிடல்லத்தானே?"

"இல்ல. இனித்தான்."

"நல்லம். நாங்களும் வாறம்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விசயம் வெளியே வந்தது. அன்னப்பூரணி போன தடவை வீட்டுக்குப் போனபோது தாயிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் வெளியிலிருந்து வருகிறவர், தான் மட்டும் தனியே உள்ளே போகவேண்டும், கதவைச் சாத்திவிட்டுக் கேள்வி கேட்பார்கள், பதில் பிடிக்காவிட்டால் விடமாட்டார்கள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் வாவிக்கு அக்கரையில் அந்தக் காலத்தில் கதவைச் சாத்திக் கேள்வி கேட்கிற இடம் ஒன்றுதான். அப்படி யாரையாவது ஆமிக் காம்புக்குக் கூப்பிட்டால் அந்தக் கிராமம் தனியே அனுப்புவதில்லை. எல்லோரும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் வாசலில் குந்திவிடுவார்கள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஆளைக் காணாமற் போக்குவது கஷ்டம் என்று அனுபவத்தில் படித்து வைத்திருந்தார்கள். அதனால் அன்னப்பூரணியின் வைவாவுக்கும் ஊர் கிளம்பிவிட்டது.

"அதுக்கு என்னத்துக்கு மாப்பிள்ளை வேசம்?" என்று கேட்டேன்.

கதிர்காமத்தம்பி மாலையைச் சரிசெய்துகொண்டு விளக்கினார். "இத்தின பேர் ஒண்டாப் போறமெண்டால் துறையடியில ஆமிக்காரன் விடமாட்டான் டீச்சர். கலியாணமெண்டால் விடுவான். தட்டெல்லாம் எடுத்திட்டம். பாதைப் படகால இறங்கினதும் அவன் கேட்டான், மாப்பிள்ளை யாரெண்டு. அப்பதான் பாத்தம், எங்கள்ல இளந்தாரி ஒருத்தனுமில்ல. இளந்தாரிமார ஆரு செக்பொயின்ராலக் கூட்டி வருவா? பட்டுவேட்டி கட்டியிருந்தது நான்தான். எல்லாப் பொம்பிளைகளும் என்னக் கையக் காட்டிப்போட்டாளுகள்."

"ஆமிக்காரன் என்ன சொன்னான்?"

"பாவம், என்ட கையப் புடிச்சி ஆறுதல் சொல்லி அனுப்பினான்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்னப்பூரணி மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்தாள். "மிஸ், உங்களக் கும்பிட்டன். அம்மான வெளிய வைங்க. அவர் முன்னால அந்த முடிவ என்னால சொல்ல ஏலாது. சொல்லாட்டிப் பெயில்."

நானும் முயன்றேன். இது பரீட்சை, படிப்பு விசயம், பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது, நான் பொறுப்பு என்று சீதேவிப்பிள்ளையிடம் என்னால் முடிந்த அளவு சாந்தமாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு என் மண்டையைத் தடவி, "நீங்க நல்ல புள்ள. ஆனா நாங்க வாறம்," என்றார். நான் சீறுகிறவள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

உள்ளே பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உதென்ன சத்தம்? ஆரிந்த மாப்பிளை?"

"மாணவியின்ட ஆக்கள் சேர். கூட இரிக்கோணுமாம்," என்றார் அழகரத்தினம். "வைவாவில வெளியாக்கள் இரிக்கச் சட்டத்தில இடமில்ல."

"இருக்கக்கூடாது எண்டும் சட்டத்தில இல்லை. எனக்கு நேரம் போகுது. இருக்கட்டும்."

இருந்தார்கள். கதிரை போதாமல் பெண்கள் நிலத்தில் காலை மடித்து உட்கார்ந்தார்கள். பலகாரத் தட்டு ஒன்று மேசைக்கு வந்து, ஆய்வுப் பிரதிக்கும் பேராசிரியரின் கண்ணாடிக்கும் நடுவே அமர்ந்தது. கதிர்காமத்தம்பியை மாப்பிள்ளை என்ற மரியாதையில் முன்வரிசையில் வைத்துவிட்டார்கள். அன்னப்பூரணி நிமிர்ந்தால் அவர் முகம்தான் நேரே தெரியும்.

பேராசிரியர் முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். அன்னப்பூரணி வாயைத் திறக்குமுன் சீதேவிப்பிள்ளை எழும்பிவிட்டார்.

"ஐயா, கோவிக்காதீங்க. எங்களுக்கு விளங்குற பாசையில கேளுங்க."

"அம்மா, இது ஆங்கிலத்திலதான் நடக்கிறது."

"என்ட மூத்தவனையும் விளங்காத பாசையிலதான் கேட்டாங்க. கேட்டு, விளங்காத பாசையில எழுதி, ஒப்பம் வைக்கச் சொன்னாங்க. கொஞ்சத்தில விட்டிருவம் எண்டாங்க. அண்டைக்கு நான் மட்டுந்தான் போனது. என்ன வெளிய நிக்கச் சொன்னாங்க, நிண்டன். அவன் வரல்ல."

  அன்னப்பூரணிக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பதுகூட எனக்கு அன்றுதான் தெரியும். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு தமிழில் சொன்னார், "இருங்கோ அம்மா. எல்லாம் உங்களுக்கு விளங்கக் கேக்கிறன்."

அழகரத்தினம் ஏதோ சட்டம் சொல்ல வாயெடுத்தார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

பாருங்கள், அதுவரை ஆங்கிலத்தில் பாடமாக்கி வந்ததையெல்லாம் அவள் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. முதலில் திக்கினாள். மண் எப்படி, மழை எப்படி, பாத்தி ஏன் அப்படிப் பிரித்தாய் என்று பேராசிரியர் கேட்கக் கேட்க, விடுதியில் சிரிக்கிற அந்தக் குரல் மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஊரும் விடவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னாலிருந்து ஒரு கிழவர், "மெய்தான், மெய்தான்" என்று சாட்சி சொன்னார். "அண்டைக்கு நானும் வரம்பில நிண்ட நான்," என்றார் இன்னொருவர். சாட்சிகளைத் தட்டிவிட முடியாமல் பேராசிரியர் அவர்களுக்கும் தலையாட்டிக்கொண்டே போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். இப்படியே போனால் பாஸ்தான் என்று நினைத்தபோது அவர் பக்கத்தைப் புரட்டினார்.

"சரி பிள்ளை. இந்த மூண்டாவது பகுதி எல்லாத்திலும் கடைசியா வந்திருக்கு. அது ஆருடைய முறை? ஏன் அப்பிடி வந்தது?"

அன்னப்பூரணி தலையைத் தூக்கினாள். நேரே மாலையும் தலைப்பாவுமாக அம்மான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கண்கள் நிரம்பிவிட்டன. பேராசிரியர் பேனா மூடியைக் கையில் எடுத்தார். அந்த மூடி பேனாவில் போய் உட்கார்ந்தால் முடிந்தது. 

அப்போது கதிர்காமத்தம்பியே எழும்பினார். "சொல்லு புள்ள. பயப்படாத. உள்ளதச் சொன்னா அடிக்க மாட்டாங்க."

"ஓங்கா, உள்ளதச் சொல்லு," என்றார்கள் பெண்கள்.

"யாரையும் காப்பாத்தப் பாக்காத," என்றார் அம்மான் மறுபடியும். "யாரெண்டு பேரச் சொல்லிரு."

அன்னப்பூரணி கண்ணை இறுக்கி மூடினாள். "அது எங்கட அம்மான்ட முறை சேர். அவர் விதைக்கிற மாதிரி நெருக்கி விதைச்சா விதையும் வீண், வெள்ளாமையும் குறைவு. பயிருக்கு மூச்சுவிட இடமில்ல. அதுதான் காரணம்." இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

ஒரு கிழவரின் வாயிலிருந்து பாக்கு விழுந்தது. கதிர்காமத்தம்பி தலைப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மறுபடி எழும்பினார்.

"எந்தப் போகத்தில பாத்த நீ?"

"ரெண்டு போகமும் அம்மான்."

"தண்ணி?"

"எல்லாத்துக்கும் ஒரே தண்ணி. நீங்கதான் திறந்து விட்டீங்க."

"பூச்சி புடிச்சிருக்கும்."

"பூச்சி எல்லாப் பாத்தியிலும் புடிச்சிது. நெருக்கி விதைச்ச பாத்தியிலதான் கூட."

"ஒரு பாத்தி அப்பிடி வாறதுதான்."

"ஒண்டில்ல அம்மான். நாலு இடத்தில விதைச்ச. நாலும் கடைசி."

பேராசிரியர் பேனாவையும் மூடியையும் இரண்டு பக்கமாக வைத்துவிட்டு, பலகாரத் தட்டிலிருந்து ஒரு பயத்தம் உருண்டையை எடுத்துக் கடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் கேட்ட கேள்விகளுக்குப் பக்கத்தில் அவர் கேட்டவை தாலாட்டு. அம்மான் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் அம்மானுக்குக் கேள்வி முடிந்துவிட்டது.

"அப்ப நான் இவ்வளவு காலமும் வீசினது?"

"வீண்தான் அம்மான்." அவள் அழுதுகொண்டு சொன்னாள். ஆனால் சொன்னாள்.

கதிர்காமத்தம்பி மேசைப் பக்கம் திரும்பினார். நெஞ்சை நிமிர்த்தி, கைகளைக் கட்டிக்கொண்டு, காம்பு வாசலில் பிள்ளைகளுக்காகப் பேசிப் பழகிய அதே முறையில் சொன்னார். "ஐயாமாரே, நான் இந்தப் புள்ளையின்ட தாய்மாமன். வட்டைவிதானை. இவள் பொய் சொல்லல்ல. அந்தக் குற்றம் என்னிலதான். எழுதிக்கொள்ளுங்க."

பேராசிரியர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்த்தேன். மிகச் சிறந்த சித்தி. அதற்கு மேலே பாஸ் இல்லை. என்னையறியாமல் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திவிட்டேன். அழகரத்தினம் அன்றைக்கு முதல்தடவையாகச் சட்டம் எதுவும் சொல்லாமல் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். மூவரும் ஆய்வுப் பிரதியின் முன்பக்கத்தில் கையெழுத்து வைத்தோம்.

"முடிஞ்சுது பிள்ளை. நீர் பாஸ்," என்றார் பேராசிரியர்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மான் தன் கழுத்து மாலையைக் கழற்றி மருமகளுக்குப் போட்டுவிட்டு, அடுத்த போகத்துக்கு எவ்வளவு விதை வேணுமென்று இப்பவே சொல் என்று கேட்கத் தொடங்கினார். இந்தச் சந்தடியில் சீதேவிப்பிள்ளை மட்டும் அசையாமல் மேசைக்கு முன்னால் நின்றதைக் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தேன்.

"ஐயா, நான் எங்க ஒப்பம் வைக்கிற?"

"எதுக்கம்மா?"

"புள்ளயக் கூட்டிப் போறதுக்கு. காம்பால விடக்குள்ள தாய்க்காரி ஒப்பம் வச்சித்தானே எடுக்கிற? எங்கட ஊரில மத்தவங்க வச்சிருக்காங்க." அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். "எனக்குத்தான் அது கிடைக்கல்ல."

அதெல்லாம் தேவையில்லை அம்மா என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பேராசிரியர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். ஆய்வுப் பிரதியைத் திருப்பி சீதேவிப்பிள்ளையின் பக்கம் வைத்தார். எங்கள் மூன்று கையெழுத்துக்கும் கீழே இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டார். அழகரத்தினம் தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

சீதேவிப்பிள்ளை குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பெயர் நீளமானது. நேரமெடுத்தது. வெளியே பேராசிரியரின் வாகனம் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தது. பேராசிரியர் எழும்பி நின்றார்.

"உங்கட பிள்ளையை உங்களிட்டத் தந்திட்டம் அம்மா. கூட்டிக்கொண்டு போங்கோ."

சீதேவிப்பிள்ளை மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியை விடாமலே கதவுவரை போனார். வாசற்படியைத் தாண்டி வெயிலில் இறங்கியதும் நின்று, தலையை அண்ணாந்து, தனியாக ஒரு குரவை போட்டார்.